பச்சை வளையம்

கொழும்பிலிருந்து ஸூமில் பேசியவர்
"நீங்கள் ஒரு பிராண்ட்" என்றார்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் பெருவிரலை உயர்த்தினோம்.

தமிழில் என்னவென்று தேடினேன். வணிகக்குறி.
குறி என்றதும் பூநகரி வெளியில்
தொடையில் எழுத்துச் சுட்ட மாடுகள்தான் வந்து நின்றன.
தொலைந்தாலும் இன்னாரின் மாடென்று ஊருக்குத் தெரியும்.
எனக்கு அந்த வசதியும் இல்லை.

படத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர் வேண்டியிருந்தது.
கலண்டரைக் கழற்றிவிட்டு
ஆணியைத் தலை மறைக்கும்படி நின்றேன்.
கோட் வங்கியில் வேலை செய்யும் தர்மிளாவுடையது,
வெள்ளிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
இடுப்புக்குக் கீழே வீட்டுப் பாவாடை.
வைகாசி வெக்கை.
ஃபேனைப் போட்டால் தலைமயிர் பறக்கும்,
நிறுத்தினால் நெற்றி வடியும்.
நாற்பத்தோராவது படத்தைப் பார்த்துத் தம்பி
"மனேஜர் மாதிரித்தான் இருக்கிறாய்,
ஆனா கோவமான மனேஜர்" என்றான்.
நாற்பத்திரண்டாவதைப் போட்டேன்.
முகத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம்:
வேலைக்குத் தயார்.

பிறகு அந்த இரண்டு வருட இடைவெளி.
பட்டம் முடித்த நாளிலிருந்து
பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, போட்டோக்கொப்பிக் கடையில்
நான் நிற்கிற இரண்டு வருடம்.
அதை "ஆவண முகாமைத்துவம்" என்று எழுதினேன்.
"சில்லறை இருக்கோ அண்ணை" என்பது
வாடிக்கையாளர் தொடர்பாடல் ஆயிற்று.
மெஷினில் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவுவதற்கு மட்டும்
சொல் கிடைக்கவில்லை.
அதில்தான் நான் உண்மையில் கெட்டிக்காரி.

செவ்வாயும் வியாழனும் பதிவு போட்டேன்.
தோல்வி எனக்குத் தந்த ஐந்து பாடங்கள்.
(மூன்றுதான் இருந்தன.)
பதினாலு விருப்பம். அதில் ஒன்பது
என்னைப் போலப் பச்சை வளையத்துக்குள் இருந்து வந்தவை.
ஒரே வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு
ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டோம்.
சாமத்தில் திரை வெளிச்சம் கண்டு அம்மா கேட்டா:
"ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?"
"ஒருத்தரோடையும் இல்லையம்மா."
அவ நம்பவில்லை.
அதைவிட உண்மையாக அந்தக் கிழமை
நான் வேறெதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஏழாவது கிழமை முதல் அழைப்பு வந்தது.
வேலைக்கு அல்ல.
புரோக்கர் இராசசிங்கத்தார் என் படத்தை எங்கேயோ எடுத்துப்
பிரம்டனுக்கு அனுப்பியிருக்கிறார்.
"கோட்டோடை பிள்ளையை நல்லாப் பிடிச்சுக்கொண்டுதாம்.
ஒண்டுதான் கேக்கினம்,
முகத்தைச் சுத்தி அந்தப் பச்சை என்னத்துக்கு?
செவ்வாய்க்குற்றம் ஏதும் இருக்கோ?"
அம்மா சிரிக்கவில்லை.
நான் சிரித்தேன்.
பிறகு கிணற்றடிக்குப் போய்
கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தேன்.

அடுத்த நாள் கடைக்கு ஒருவர் வந்தார்.
கட்டாருக்கு அனுப்ப ஒரு சீவி அடிக்கவேணும்.
"படிச்சது?"
"எட்டு."
"அனுபவம்?"
"லொறி."
"வேறை என்ன திறமை போட?"
கேட்கும்போதே என் விரல்கள்
"தலைமைத்துவம்" என்று பாதி அடித்துவிட்டன.
அவர் றோட்டைப் பார்த்து யோசித்தார்.
"கஸ்தூரியார் றோட்டுக்குள்ளை
பத்துச் சில்லு லொறியை ஒரே எடுப்பிலை றிவேர்ஸ் எடுப்பன்.
கண்ணாடி பாக்காமல் இல்லை. பாத்துத்தான்."
தலைமைத்துவத்தை அழித்தேன்.
அவர் சொன்னதை அப்படியே அடித்தேன்,
"பாத்துத்தான்" என்பதையும் விடாமல்.

நாலு கொப்பி. மூன்றாவதில் தாள் சிக்கியது.
மூடியைத் திறந்து
பல்லுச் சில்லை ஒரு விரலால் பின்னுக்குத் திருப்பி,
இழுக்காமல்,
தாள் தானாக விடும்வரை பொறுத்து நின்று எடுத்தேன்.
"உது நல்லாச் செய்யிறீர், தங்கச்சி" என்றார்,
நாற்பது ரூபாய்க்கு
ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டியபடி.